ஸ்லைடு கீபோர்டு நோக்கியா இ75-ஐ இன்னிக்கும் லைன் வேலைக்கு எடுத்துக்கிடுதது எப்பிடி

வீட்டு டிராயர்ல பழைய நோக்கியா இ75 ஒண்ணு கிடக்கா, இல்ல வண்ணார்பேட்டை, ஜங்ஷன் பக்கம் செகண்ட்ஹாண்ட் கடையில கண்ணுல பட்டுச்சா, அப்போ இதை முழுசா வாசிச்சிட்டு முடிவு பண்ணுங்க. உரம், மருந்து, பிஸ்கட், பெயிண்ட்னு எதையாவது கடை கடையா ஏறி ஆர்டர் எடுக்க, அதாவது லைன் போக ஆளுங்களுக்குத் தான் இதை எழுதுதேன், நின்னுக்கிட்டே டைப் பண்ண வேண்டிய வேலை இருக்க எல்லாருக்கும் பொருந்தும். யூடியூப், வாட்ஸ்அப், ஜிபே எல்லாம் அதுல வேணும்னு நினைக்கவங்களுக்கு இந்த போன் சரிப்படாது. இது எழுதுததுக்கு, நெட்டுக்கு இல்ல. இந்த ஒண்ணை மனசுல நிறுத்திக்கிட்டா மிச்ச எல்லாம் லேசா வந்துரும்.

போனைப் பத்தி கொஞ்சம். 2009 பிப்ரவரில பார்சிலோனா மொபைல் வேர்ல்ட் காங்கிரஸ்ல நோக்கியா இதைக் காட்டினாங்க. இ சீரிஸ்ங்கறதே ஆபீஸ் வேலையை வெளிய தூக்கிட்டு அலையுத ஆளுங்களுக்குன்னு போட்ட வரிசை தான், இ61, இ71, இ90 எல்லாம் அந்தக் குடும்பம். இ75-ல என்ன விசேஷம்னா மூடி வச்சா சாதாரண நம்பர் பட்டன் போன், பக்கவாட்டுல தள்ளுனா உள்ளேருந்து கம்ப்யூட்டர்ல இருக்கமாதிரி முழு குவெர்ட்டி கீபோர்டு வரும், ஸ்க்ரீனும் தானா படுக்கை வசத்துக்குத் திரும்பிரும். 2.4 இஞ்ச் ஸ்க்ரீன், 3.2 மெகாபிக்ஸல் ஆட்டோஃபோக்கஸ் கேமரா, சிம்பியன் எஸ்60-ங்கற அந்தக் கால நோக்கியா சாஃப்ட்வேர், எடை 139 கிராம் தான். சட்டைப் பைக்குள்ள போட்டா பை தொங்காது.

இன்னிக்கு கையில இருக்க டச் போன்லயே நோட்ஸ் இருக்கே, இது எதுக்குன்னு கேப்பீங்க. லைன்ல போய்ப் பாத்தவங்களுக்குத் தெரியும். அம்பாசமுத்திரத்துல ஒரு உரக்கடை, அண்ணாச்சி கல்லாவுல சில்லறை எண்ணிக்கிட்டே "டிஏபி இருவது, பொட்டாசு பத்து, அந்த ஜிங்க் சல்பேட்டு போன தடவ வந்தது கட்டியாயிருந்துல்லா, அது வேண்டாம், பாக்கியை வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கிடுங்க"ன்னு ஒரே மூச்சுல சொல்லிருவாவ, நாம அவுக மொகத்தைப் பாத்து தலையாட்டிக்கிட்டே ரெண்டு கட்டைவிரலால அடிச்சு முடிச்சிருக்கணும். கண்ணாடி ஸ்க்ரீன்ல இது நடக்காது, கண்ணு கீழ போயிரும், கண்ணு கீழ போனா அண்ணாச்சி அடுத்த ஆளுகிட்டப் பேச ஆரம்பிச்சிருவாவ. அதோட விரல்ல வேர்வை இருந்தாலும், தென்காசிப் பக்கம் சாரல்ல நனைஞ்சு போய் நின்னாலும் டச் ஸ்க்ரீன் கண்ட எழுத்தை அடிக்கும். நெசமான பட்டனுக்கு அந்தத் தொந்தரவு கிடையாது. நட்டுவச்ச மத்தியான வெயில்ல கூட இ75 ஸ்க்ரீன்ல எழுத்து தெரியும், அதுவும் நம்ம ஊருக்கு முக்கியம்.

இப்போ வாங்குததைப் பாப்போம். இதுல தான் நெறைய நேரம் செலவழிக்கணும், அவசரமே படாதீங்க.

ஸ்லைடு போன்னா முதல்ல சாகுறது உள்ள இருக்க ஸ்ட்ரிப் தான், அதாவது மேல்பாதியையும் கீழ்பாதியையும் இணைக்க ஃப்ளெக்ஸ் கேபிள், ஒவ்வொரு தடவ திறந்து மூடும்போதும் அது மடங்கி மடங்கி ஒரு இடத்துல விரிசல் விட்டுரும். அதனால கடையில போனை ஆன் பண்ணி ஒரு பாட்டை ஓடவிட்டு, ஸ்லைடை ரொம்ப மெதுவா, பாதி வழியில நிறுத்தி நிறுத்தித் திறந்து மூடிப் பாருங்க. வேகமாத் தள்ளுனா குறை தெரியாது. பாதியில ஸ்க்ரீன் வெள்ளையாகுதா, கோடு விழுதா, லைட்டு மட்டும் எரிஞ்சு படம் போகுதான்னு கவனிங்க. அப்புறம் சிம்மைப் போட்டு ஒரு கால் பண்ணி, பேசிக்கிட்டே ஸ்லைடைத் திறங்க, காதுல சத்தம் விட்டு விட்டு வந்தா அதுவும் ஸ்ட்ரிப் கோளாறா இருக்கும். இதுல எது இருந்தாலும் "சின்ன வேலை தான் அண்ணே, பாத்துக்கிடலாம்"னு கடைக்காரர் சொல்லுததை நம்பி வாங்காதீங்க, இப்போ அந்த ஸ்ட்ரிப் கிடைக்குதது லேசு இல்ல.

அடுத்து புது மெசேஜ் ஒண்ணைத் திறந்து வச்சு ஏ முதல் இசட் வரைக்கும் ஒவ்வொரு பட்டனா அடிங்க, பிறகு ஃபங்க்ஷன் கீயை அமுக்கிக்கிட்டு நம்பர், குறிகள் எல்லாத்தையும் அடிங்க, ஸ்பேஸ், பேக்ஸ்பேஸ், எண்டர், கண்ட்ரோல் எதையும் விட்டுராதீங்க. ஒத்தைப் பட்டன் மட்டும் வேலை செய்யலைன்னா அழுக்கா இருக்கும், சுத்தம் பண்ணா வந்துரும். பக்கத்துப் பக்கத்துல நாலஞ்சு பட்டன் ஒண்ணாப் போயிருந்தா அது உள்விஷயம், வேண்டாம்னு வச்சிருங்க. ஒரு தடவ அமுக்குனா ரெண்டு எழுத்து விழுந்தா கீழ இருக்க தகடு தேஞ்சிருக்குன்னு அர்த்தம், அதையும் வாங்காதீங்க, ஆர்டர்ல பத்து நூறாப் போயிரும்.

பிறகு பேட்டரியைக் கழட்டி உள்ள ஒட்டியிருக்க ஐஎம்இஐ நம்பரையும் (ஒவ்வொரு போனுக்கும் தனியா இருக்க அடையாள நம்பர்), *#06# அடிச்சா வருத நம்பரையும் ஒத்துப் பாருங்க. ரெண்டும் வேறன்னா பாடி மாத்துன போன். திருட்டுப் போனா இல்லையான்னு பாக்கணும்னா இங்கிலீஷ் எழுத்துல கேஒய்எம்-னு போட்டு ஒரு இடம் விட்டு அந்த 15 இலக்க நம்பரை அடிச்சு 14422-க்கு மெசேஜ் அனுப்புங்க, பதில் வந்துரும். இது எந்தப் பழைய போனுக்கும் பண்ண வேண்டிய காரியம், நூறு ரூபாய் போனா இருந்தாலும் சரி.

பேட்டரி பிஎல்-4யு, 1000 மில்லிஆம்ப். இது தான் இந்த போன்ல நமக்குக் கிடைச்ச பெரிய நல்லகாலம், ஏன்னா இதே பேட்டரியை நோக்கியா இ66, ஆஷா 300 மாதிரி நெறைய மாடலுக்குப் போட்டாங்க, அதனால இன்னும் கடைகள்ல கிடைக்குது. பழைய பேட்டரியைக் கண்ணாடி மேல வச்சு விரலால சுத்திவிடுங்க, நல்லா சுத்துனா நடுவுல உப்பியிருக்குன்னு அர்த்தம், அதை மறுபடி உள்ள போடவே கூடாது, வீட்டுக் குப்பையிலயும் போடாம சர்வீஸ் கடையில குடுத்துருங்க. புதுசு வாங்கும்போது அச்சு மங்கலா, தூக்கிப் பாத்தா காத்தா இருக்கதை வாங்காதீங்க, கவர்ல 3000, 4000-னு போட்டிருந்தா கண்டிப்பா பொய், அவ்வளவு சின்ன சைஸுல அது அடங்காது. சார்ஜருக்கு நோக்கியா மெல்லிசு பின் கேளுங்க, தடிப்பின் இதுல ஏறாது.

வீட்டுக்குக் கொண்டு வந்தாச்சு. முதல் வேலை, முன்னாடி வச்சிருந்த ஆளோட போட்டோவோ மெசேஜோ இருந்தா பாக்காம எல்லாத்தையும் அழிச்சிருங்க, அது ஒரு மரியாதை. *#7370# அடிச்சா லாக் கோடு கேக்கும், யாரும் மாத்தலைன்னா 12345 தான். போன் மெமரி முழுசும் துடைச்சிட்டு புதுசா எந்திரிக்கும், கொஞ்ச நேரம் ஆகும், அதுவரைக்கும் பேட்டரியைப் பிடுங்கிராதீங்க, சார்ஜ் ஃபுல்லா இருக்கும்போது தான் பண்ணணும். மெமரி கார்டு இதுல அழியாது, அதைத் தனியா ஃபார்மட் பண்ணுங்க. மைக்ரோ எஸ்டி 16 ஜிபி வரைக்கும் எடுக்கும், ஆனா நம்ம வேலை வெறும் எழுத்து, 4 ஜிபி கார்டே ஆயுசுக்கும் போதும்.

சிம் விஷயம். ஜியோ சிம் இதுல ஓடவே ஓடாது, அவங்களுக்கு 2ஜி, 3ஜி கிடையாது, இந்த போனுக்கு 4ஜி தெரியாது. ஏர்டெல் 3ஜியை நிறுத்திட்டாலும் 2ஜி இருக்கு, கால், மெசேஜ் எல்லாம் போகும், பிஎஸ்என்எல்லும் பாக்கலாம். சிம் பழைய பெரிய சைஸ், நானோ சிம்முக்கு அடாப்டர் சட்டம் வச்சுப் போடணும், போடும்போது நேரா வைக்கணும், இல்லன்னா உள்ள இருக்க கம்பியில மாட்டி இழுத்துரும். எனக்குக் கேட்டா சிம்மே வேண்டாம், பவர் பட்டனை லேசா அமுக்குனா வருத லிஸ்ட்ல ஆஃப்லைன் எடுத்துக்கிடுங்க. பாபநாசத்துக்கு மேல, மாஞ்சோலை, காரையார் பக்கமெல்லாம் சிக்னல் தேடியே சார்ஜ் காலியாகுத தொல்லை இருக்காது, ரிங் அடிச்சு எழுதுதது நிக்காது. பேச உங்க டச் போன் தான் இருக்கே.

செட்டிங்ஸ்ல மூணு நாலு மாத்தணும். பிரெடிக்டிவ் டெக்ஸ்ட்டை ஆஃப் பண்ணிருங்க, இல்லன்னா மருந்துப் பேரு, உரப் பேரு எல்லாத்தையும் அதுவா வேற வார்த்தையாக்கும். ஸ்க்ரீன் லைட் டைம்-அவுட்டைக் கூட்டி வையுங்க, கடைக்காரர் யோசிக்கும்போது ஸ்க்ரீன் அணைஞ்சா எரிச்சலா வரும். கீ டோனை நிறுத்துங்க. முகப்புல இருக்க ஷார்ட்கட்ல மெயிலு, இன்டர்நெட்டு எல்லாம் தூக்கிட்டு குவிக்ஆபீஸ் (வேர்டு, எக்ஸெல் ஃபைல் திறக்க அப்ளிகேஷன்), காலண்டர், கால்குலேட்டர், ஃபைல் மேனேஜர் நாலையும் வையுங்க.

இப்போ முக்கியமான இடம், எதுல எழுதுததுன்னு. போன்ல நோட்ஸ் இருக்கு, ஆக்டிவ் நோட்ஸ் இருக்கு, ரெண்டுலயும் எழுதாதீங்க. நாமளா மாத்தி வைக்கலைன்னா அதுல எழுதுதது போன் மெமரியில போய் உக்காரும், போன் செத்தா அதோட சேந்து போயிரும். குவிக்ஆபீஸ்ல குவிக்வேர்டு ஃபைல் ஒண்ணைத் திறந்து மெமரி கார்டுல சேவ் பண்ணுங்க. இ சீரிஸ்ல இது பாக்க மட்டும் இல்லாம எழுத, திருத்தவும் விடும். பழைய டாக் ஃபைலா சேவ் ஆகும், எந்தக் கம்ப்யூட்டர்லயும் திறக்கும். போன் என்ன ஆனாலும் கார்டைக் கழட்டி ரீடர்ல போட்டா எல்லாம் அப்பிடியே இருக்கும். கணக்கு வேணும்னா குவிக்ஷீட், ஆனா 2.4 இஞ்ச்ல நாலு காலத்துக்கு மேல போட்டா கண்ணு தான் வலிக்கும், ஆர்டரை எழுத்தா எடுத்துட்டு சாயந்திரம் வந்து எக்ஸெல்ல ஏத்துதது தான் நல்லது.

ஒரு நாளைக்கு ஒரு ஃபைல், பேருல தேதியும் லைனும் இருக்கணும், பாளை, முக்கூடல், அம்பை, சுரண்டைன்னு. ஒவ்வொரு கடைக்கும் முதல் வரியில கடைப் பேரு, ரெண்டாவது வரியில போன பாக்கி, அதுக்குக் கீழ பொருளும் அளவும், கடைசியா எப்போ டெலிவரி, அவ்வளவு தான். இந்த அமைப்பை முன்னாடியே ஒரு காலி ஃபைலா வச்சுக்கிட்டு, காலையில வீட்டுலேருந்து கிளம்பும்போதே அதை காப்பி எடுத்து அன்னிக்குப் போகப்போற கடைப் பேரெல்லாம் வரிசையா அடிச்சிட்டா, கடையில போய் அளவு மட்டும் தான் அடிக்கணும். பொருளுக்கு உங்களுக்குள்ள ஒரு சுருக்கம் வச்சுக்கிடுங்க, ஆனா ரெண்டெழுத்து சுருக்கம் வேண்டாம், மூணெழுத்தாவது இருக்கட்டும், ரெண்டெழுத்துல பொருளுக்குப் பொருள் குழம்பும். ஒரு கடை முடிஞ்சு படி இறங்கும்போது சேவ் பண்ணிருங்க, அடுத்த கடை வரைக்கும் பொறுக்காதீங்க.

கீபோர்டுல கை பழகுத வரைக்கும் கொஞ்சம் கஷ்டமா இருக்கும், பொறுத்துக்கிடுங்க. போனை உள்ளங்கையில வைக்காம ரெண்டு ஆள்காட்டி விரலையும் பின்னாடி குடுத்துத் தாங்கிப் பிடிங்க, அப்போ கட்டைவிரல் நடு வரைக்கும் தாராளமாப் போகும். விரல் நுனியால குத்தாம நகத்தை ஒட்டின ஓரத்தால அமுக்குனா பக்கத்துப் பட்டன் படாது. ஃபங்க்ஷன் கீயை வேகமா ரெண்டு தடவ அமுக்குனா லாக் ஆகி நம்பராவே விழும், மறுபடி அமுக்குனா எழுத்துக்கு வந்துரும். ஷிஃப்ட்டைப் பிடிச்சிக்கிட்டு நடுப் பட்டனால நகர்த்துனா வரி செலக்ட் ஆகும், கண்ட்ரோலும் சியும் காப்பி, கண்ட்ரோலும் வியும் பேஸ்ட், கம்ப்யூட்டர்ல இருக்கமாதிரியே தான். போன வார ஆர்டரை அப்பிடியே எடுத்துப் போட்டு அளவை மட்டும் மாத்த இது எவ்வளவு வசதின்னு செஞ்சு பாத்தாத் தான் தெரியும். ஒரு கையில ஹெல்மெட்டோ பையோ இருந்தா ஸ்லைடை மூடிட்டு முன்பக்க நம்பர் பட்டன்லயே அளவை அடிச்சிரலாம், நெறைய கீபோர்டு போன்கள்ல இல்லாத சௌகரியம் இது.

தமிழ்ல அடிக்கணும்னு ஆசைப்படுதவங்களுக்கு ஒண்ணு சொல்லிருதேன், இதுல தமிழ் வராது, தமிழ் மெசேஜ் வந்தாக் கூட கட்டங்கட்டமாத் தெரியும். அந்தக் காலத்துல தமிழ் பக்கம் படிக்கணும்னா ஓபெரா மினில அட்ரஸ் இடத்துல ஓபெரா கான்ஃபிக்னு அடிச்சு, பிட்மேப் ஃபான்ட்னு கடைசியில இருக்க வரியை எஸ்-னு மாத்துவோம், எழுத்து படமா வந்து இறங்கும், நெல்லை பஸ்ஸ்டாண்டுல உக்காந்து அப்பிடித் தான் எவ்வளவோ படிச்சோம். தமிழ்ல எழுதுததுக்கு ஒரு வழியும் இல்ல. பேரும் ஊரும் இங்கிலீஷ் எழுத்துல அடிச்சுக்கிட வேண்டியது தான், ஆர்டருக்கு அது போதும்.

சாயந்திரம் ஃபைலை ஆபீஸுக்கு அனுப்ப ரெண்டு வழி. யூஎஸ்பி வயரைச் செருகி மாஸ் ஸ்டோரேஜ்னு குடுத்தா கார்டு கம்ப்யூட்டர்ல பென்டிரைவா வந்து நிக்கும், எந்த சாஃப்ட்வேரும் வேண்டாம். கம்ப்யூட்டர் இல்லன்னா ப்ளூடூத்துல உங்க ஆண்ட்ராய்டு போனுக்கு அனுப்புங்க, டாக், எக்ஸெல் ஃபைல் எல்லாம் வாங்கிக்கும், அங்கேருந்து வாட்ஸ்அப்பா மெயிலான்னு பாத்துக்கிடுங்க. நேரா இந்த போன்லேருந்தே மெயில் அனுப்ப முயற்சி பண்ணாதீங்க. இ75 வந்தப்போ நோக்கியா மெசேஜிங்னு மெயில் சர்வீஸைத் தான் பெருசாச் சொல்லி வித்தாங்க, அது மூடி வருசக்கணக்காச்சு, இன்னிக்கு வெப்சைட்டுகள் கேக்குத பாதுகாப்பு முறையும் இந்த போனுக்குத் தெரியாது. பாங்க் பாஸ்வேர்டு மாதிரி எதையும் இதுல அடிக்கவே கூடாது.

ஏதாவது சின்ன அப்ளிகேஷன், டிக்ஷனரி மாதிரி பழைய சிஸ் ஃபைல் (சிம்பியன்ல அப்ளிகேஷன் ஏத்துத ஃபைல்) வச்சிருக்கீங்க, போடும்போது சர்டிஃபிகேட் எக்ஸ்பயர்ட்னு சொல்லுதுன்னா பயப்படாதீங்க. ஆட்டோமேட்டிக் டைம் அப்டேட்டை நிறுத்திட்டு போன் தேதியைப் பின்னாடி, 2009-க்கோ 2010-க்கோ கொண்டு போங்க, இன்ஸ்டால் பண்ணுங்க, முடிஞ்சதும் இன்னிக்கு தேதிக்கு மாத்திருங்க. அப்ளிகேஷன் மேனேஜர் செட்டிங்ஸ்ல சாஃப்ட்வேர் இன்ஸ்டாலேஷன்-ஐ ஆல்-னும், ஆன்லைன் சர்டிஃபிகேட் செக்கை ஆஃப்-னும் வைக்கணும். தேதியை மாத்த மறந்தா ஃபைல் எல்லாம் பழைய தேதியில விழுந்து வரிசை குழம்பிரும். நோக்கியா ஸ்டோர்ல 2014 ஜனவரிக்கு அப்புறம் சிம்பியனுக்குப் புதுசா எதுவும் ஏத்தலை, அதனால இருக்கத வச்சுத் தான் ஓட்டணும், நம்ம வேலைக்கு உள்ள இருக்கதே தாராளம்.

பராமரிப்புல நம்ம ஊருக்குன்னு ஒரு எதிரி உண்டு, ஆனி ஆடிக் காத்து. அந்தக் காத்துல வருத புழுதி ஸ்லைடு ஓரத்துல போய் உக்காந்து, தள்ளும்போது நறநறன்னு தேய்க்கும், அந்த மணல் தான் கோடு போட்டு ஸ்ட்ரிப்பையும் கெடுக்குது. பைக்ல போகும்போது ஜிப் கவருக்குள்ள போட்டு வையுங்க, சாரலுக்கும் அதுவே ஆகும். வாரம் ஒரு நாள் பேட்டரியைக் கழட்டிட்டு, ஸ்லைடைத் திறந்து, மெல்லிசு பெயிண்ட் பிரஷ்ஷால ஓரத்தையும் பட்டன் இடுக்கையும் தட்டிவிடுங்க. பிசுபிசுப்பு இருந்தா மொபைல் சர்வீஸ் கடையில கிடைக்க ஐபிஏ-வை (ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்) காது குடையுத பஞ்சுல தொட்டுத் துடைங்க, தண்ணியும் வேண்டாம், ஊதவும் வேண்டாம், எச்சில் ஈரம் உள்ள போகும். ஸ்லைடு இறுகுதேன்னு யாராவது தேங்காண்ணெய் விடச் சொன்னா கேக்காதீங்க, எண்ணெய்ல புழுதி ஒட்டி பசையாயிரும், பிறகு அதை எடுக்க முழுசாப் பிரிக்கணும். பேட்டரி கம்பி கறுத்துப் போயிருந்தா பென்சில் ரப்பரால லேசாத் தேய்ங்க.

இ75 கிடைக்கலைன்னா வேற எதைப் பாக்கலாம்னு கேக்குதவங்களுக்கு, நோக்கியா இ7 கீபோர்டு இதை விட அகலம், 4 இஞ்ச் ஸ்க்ரீன், பாக்க அவ்வளவு அழகு, ஆனா பேட்டரியைக் கழட்ட முடியாது, மெமரி கார்டும் போட முடியாது, ரெண்டும் நமக்கு உதைக்குது. எச்டிசி டைட்டன் டூ (TyTN II)-ன்னு 2007-ல வந்த விண்டோஸ் மொபைல் போன் ஒண்ணு, ஸ்க்ரீனை லாப்டாப் மாதிரி சாய்ச்சு நிறுத்தலாம், டைப் பண்ண அருமையானது, பேட்டரி தேடுதது தான் பாடு. பழைய ஆண்ட்ராய்டு ஸ்லைடர் வேண்டாம், 2021 செப்டம்பர்லேருந்து ஆண்ட்ராய்டு 2.3-லயும் அதுக்குக் கீழயும் கூகுள் லாகின் நிறுத்திட்டாங்க, சில போன் லாகின் பண்ணாம முதல் ஸ்க்ரீனைத் தாண்டவே விடாது.

கடைசியா, ஸ்க்ரீன் போன இ75, போர்டு செத்த இ75 எங்கயாவது சல்லிசா வந்தா யோசிக்காம வாங்கிப் போடுங்க, கீபோர்டு, பின்மூடி, ஸ்லைடு சட்டம் எல்லாம் அதுலேருந்து தான் எடுக்க முடியும், தனியா கிடைக்காது. மாத்துத வேலையை நீங்களா வீட்டுல பண்ணாதீங்க, அந்தக் காலத்துல ஸ்லைடு நோக்கியா பிரிச்சுப் பழகுன மெக்கானிக் ஜங்ஷன்லயும் டவுன்லயும் இன்னும் இருக்காவ, விசாரிச்சு அவுககிட்டயே குடுங்க, குடுக்கும்போது மெமரி கார்டை மட்டும் கழட்டி வச்சுக்கிடுங்க.